ஒரு ஆளுக்கு அளந்த சக்கரம்

இன்ச் அண்ணனிடம் ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் பேச்சைக் கேட்கிறவர்கள் அவர் வீட்டு வாசலில் நாலைந்து வரிசையாக நிற்பதாக நினைத்துக்கொள்வார்கள். அங்கே நிற்பது ஒரு பழைய குடும்பக் கார். அதன் பின்பக்க பம்பர் நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். ஆனால் எந்த வண்டிக்கு எந்தச் சக்கரம் போட வேண்டும், அது எவ்வளவு வெளியே துருத்த வேண்டும், டயர் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எதைக் கேட்டாலும் இன்ச்சில்தான் பதில் வரும். அப்படி வந்த பெயர்தான் அது. ஃபோனில் ஒரு குழுவும் நடத்துகிறார். காலையில் யாராவது ஒருவர் தன் காரின் பின்சக்கரத்தைப் படமெடுத்துப் போடுவார். மற்றவர்கள் குழந்தை பிறந்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி மாறி மாறி வியப்பார்கள். முழுக்க முழுக்க வளர்ந்த ஆண்கள். வேலைவெட்டி உள்ளவர்கள் என்றும் கேள்வி.

இந்தக் கூட்டத்தில்தான் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார்.

கார் என்னுடையது. என் சம்பாத்தியத்தில் நான் வாங்கியது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, பின்சக்கரத்தில் இழுவை. யாரோ ஒருவர் சில வருஷம் ஓட்டிவிட்டு விற்றது. நான் பல் செய்கிறவள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். என் லேபில் அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையாக்கி, பல் கட்டி, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவேன். ஒரு பல் மயிரிழை உயர்ந்திருந்தாலும் மென்று சாப்பிட முடியாது, ஆள் தூங்கமாட்டார், டாக்டர் ஃபோனில் என்னைத் தூங்கவிடமாட்டார். வாரம் முழுவதும் அடுத்தவர் வாய்களோடு குடித்தனம். ராவும் மெஷினின் இரைச்சல், மூக்கில் மாவு, ஃபோனில் அவசரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்தக் காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கிற மலைப்பாதைக்குப் போவேன். போய்வர ஒரு மணி நேரம் ஆகும், கொஞ்சம் கூடவும் ஆகும். யாரும் என்னிடம் எதையும் கேட்கமாட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் இருப்பதால்தான் மற்ற நாட்களில் நான் மனிதர்களிடம் மரியாதையாகப் பேசுகிறேன். அது போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது.

ஆரம்பத்தில் அவர் காரைப் பொம்மை என்றுதான் சொன்னார். "ரெண்டு பேர் உக்காந்தா மூச்சு விடக்கூட எடமில்ல, இதுக்கு இவ்ளோவா?" என்றார். எனக்கு அது பரம சந்தோஷம். எங்கள் பெண் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாவியை எடுத்தபோது அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நானும் வரேன்" என்றார்.

வந்தார். அடுத்த வாரமும் வந்தார். அவர் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறார். காலையிலிருந்து மாலைவரை பேசுவதற்குத்தான் சம்பளம். ஞாயிற்றுக்கிழமையும் அந்த வாய்க்கு லீவு கிடையாது. வழியில் தெரிகிற போர்டுகளை உரக்கப் படிப்பார். ஆட்டுக்குட்டியைக் கண்டால் "அங்க பாரு ஆடு" என்பார். நான் ஆட்டைப் பார்த்தால் ரோட்டை யார் பார்ப்பது? அதோடு குழுவில் கற்றதை எல்லாம் என் மேல் இறக்குவார். ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது, "இங்க அண்டர்ஸ்டியர் வருதா உனக்கு?" என்று கேட்டார். ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வண்டி நேரே போகப் பார்ப்பதற்கு அந்தப் பெயர். அந்தச் சொல்லை அவர் முந்தின நாள்தான் கேள்விப்பட்டிருப்பார். உச்சரிக்கும்போதே புதுச்செருப்பு கடிக்கிற மாதிரி தடுமாறினார்.

"வாய்தான் வருது" என்றேன்.

அவர் சிரித்தார். நான் கிண்டல் செய்ததாக நினைத்துக்கொண்டார். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

என் பிறந்தநாள் அன்று லேபிலிருந்து வீட்டுக்கு வந்தால், தெருவில் கூட்டம். காரைச் சர்வீசுக்கு விடுவதாகச் சொல்லிக் காலையில் எடுத்துப்போயிருந்தார். என் வீட்டுக்காரர், இன்ச் அண்ணன், டயர் கடைக்காரர் மூவரும் வாசலில் நின்றார்கள். இன்ச் அண்ணன் ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடிக்கோ, கண்ண மூடிக்கோ" என்றார் இவர்.

மூடவில்லை. மூடியிருக்கலாம். என் காருக்கு நாலு கறுப்புச் சக்கரங்கள் மாட்டியிருந்தார்கள். பெரிய சக்கரங்கள். மட்கார்டைத் தாண்டி நாலு பக்கமும் வெளியே வந்து நின்றன. சின்னக் குழந்தை அப்பாவின் செருப்பில் காலை விட்டு நிற்குமே, அப்படி நின்றது என் கார். அகலமான அந்தச் சக்கரங்கள் மேல் அகலம் போதாத டயரை இழுத்து மாட்டியிருந்தார்கள். அது அழகாம். குழுவில் அதற்குத் தனி மரியாதையாம்.

"எப்டி தங்கச்சி, சும்மா நச்சுனு இருக்குல்ல?" என்றார் இன்ச் அண்ணன். "பதினெட்டு இன்ச். அகலம் எட்டரை இன்ச். அதுவும் பத்தாதுன்னு ஸ்பேசர் வேற போட்டு வெளிய தள்ளியிருக்கோம்."

ஸ்பேசர் என்பது அலுமினியத் தகடு. சக்கரத்துக்கும் அது போய் ஒட்டுகிற முகத்துக்கும் நடுவில் வைப்பது. தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு சக்கரம் வெளியே வரும். ஆஃப்செட் என்று இன்னொன்று இருக்கிறது. சக்கரத்தின் அகலத்துக்குச் சரியாக நடுவே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கும் சக்கரம் வண்டியில் ஒட்டுகிற முகத்துக்கும் உள்ள தூரம்தான் அது. இந்த மாதிரி வண்டிகளில் அந்த எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொன்னால் புரிந்துவிடும். இன்ச் அண்ணனுக்குப் புரியாது, ஏனென்றால் அதை மில்லிமீட்டரில் சொல்கிறார்கள்.

"ஆஃப்செட் என்ன?" என்று கேட்டேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லாம் ஃபிட் ஆயிடும் மேடம்" என்றார் டயர் கடைக்காரர். அவருக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அது. நீங்கள் டிராக்டர் டயரைக் கொண்டுபோய்ச் சைக்கிளுக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

"எடம் இருக்கான்னு எப்படி அளந்தீங்க?"

"கைய விட்டே பாத்தோம் தங்கச்சி. ஜாக்கில தூக்கி வச்சு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல என் கை தாராளமா போச்சு. ரெண்டு இன்ச் கேப்."

ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும். கை என்ன, பூனையே குட்டியோடு உள்ளே போகும். தரையில் இறக்கி, ஆள் ஏறி, ஒரு பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் மேலே ஏறி மட்கார்டுக்குள் புகும். அளக்க வேண்டியது அந்த நேரத்து இடைவெளியை. வாயை ஆவென்று திறக்கச் சொல்லிவிட்டுப் பல் உயரம் சரியாக இருக்கிறது என்று சொல்கிற ஆளை என் தொழிலில் செருப்பால் அடிப்பார்கள். இவர்கள் தொழிலில் குழு நடத்தச் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

நான் காரை எடுத்தேன். தெரு முனையில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியதும் முன்சக்கரம் 'கர்ர்' என்று உள்ளே உரசியது. பெரிய ரோட்டுக்கு வந்தால், தார் விரிசல் போகிற பக்கமெல்லாம் கார் போகிறது. முன்பு அந்த ஸ்டியரிங் என் விரல்களுக்கு எல்லாவற்றையும் சொல்லும், ஒரு கூழாங்கல்லில் ஏறினால்கூடத் தெரியும். இப்போது அது என்னோடு மல்லுக்கு நின்றது. முன்சக்கரத்தை அவ்வளவு வெளியே தள்ளினால் ஒவ்வொரு குழியும் சக்கரத்தைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுக்கும். மலைப்பாதையை நினைத்துப் பார்த்தேன். அழுகை வந்தது. அழவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வந்தேன். மற்ற இரண்டு மேதைகளும் போய்விட்டிருந்தார்கள். இவர் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"புடிக்கலையா?"

"பாக்க நல்லாருக்கு. படம் எடுத்துப் போட்டுக்கோங்க. ஓட்ட முடியாது."

"உனக்காகத்தான்..."

"எனக்காகன்னா என்கிட்ட கேட்டிருக்கணும். என் கார்ல கை வைக்க அந்தாளு யாரு? அவர் வண்டிய மொதல்ல கயிறு இல்லாம நிக்கச் சொல்லுங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு இரக்கம் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு கேக் இருந்தது. அதன் மேல் யாரோ க்ரீமால் ஒரு கார் வரைந்திருந்தார்கள். அதன் சக்கரங்களும் வெளியே துருத்திக்கொண்டுதான் இருந்தன.

மறுநாளே விஷயத்தை என் கையில் எடுத்துக்கொண்டேன். முன்பக்கம் இரண்டுக்கும் பழைய சக்கரம், பழைய டயர், ஒரு மாற்றமும் கிடையாது. ஸ்டியரிங் திரும்பவும் எனக்குக் கிடைத்துவிட்டது. பின்பக்கம் கொஞ்சம் அகலமான டயர் போட்டால் வளைவில் பிடிப்பு கூடும் என்பது உண்மைதான். அதை இன்ச் அண்ணன் சொன்னார் என்பதற்காகப் பொய்யாகிவிடாது. அதனால் அந்தக் கறுப்புப் பூதங்களைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்பக்கத்துக்கு மட்டும் ஒரு இன்ச் அகலம் கூடின, ஆஃப்செட் ஒழுங்கான இரண்டு சக்கரங்களை நானே கணக்குப் போட்டு வாங்கினேன். டயரும் ஒரு அளவு அகலம் கூடியது, உயரம் மட்டும் பழையதே. "ஃபிட் ஆயிடும் மேடம்" என்றார் கடைக்காரர். ஆகுமா ஆகாதா என்று பார்க்க எனக்கு என் வழி இருந்தது.

பல் லேபில் பாளம் பாளமாக இளஞ்சிவப்பு மெழுகு இருக்கும். அதை வெதுவெதுப்பாக்கி மட்கார்டின் உள்விளிம்பில் விரல் கனத்துக்கு ஒட்டினேன். டயர் தொட்டால் மெழுகு நசுங்கும். நசுங்கி மிஞ்சியிருக்கும் கனத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்தால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தனியாக ஒரு சுற்றுப் போய், பக்கத்துத் தெரு வேகத்தடையில் வேகமாக ஏற்றி இறக்கிவிட்டு வந்தேன். மெழுகில் கீறல்கூட இல்லை. பிறகு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அதே சுற்று. அவருக்கு வாயெல்லாம் பல்.

"டெஸ்ட் டிரைவா? என்னையா கூப்பிடற?"

"எடைக்கு."

"ஓ. எடைக்குத்தானா" என்றார். ஆனாலும் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு, வேகத்தடை வரும்வரை குழுவில் யாரோ ஒருவருக்கு டயர் வெடித்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இறங்கிப் பார்த்தேன். மெழுகு நசுங்கியிருந்தது. மிச்சம் மூன்று மில்லிமீட்டர் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் போதும். உரசாது, இருவரும் போகலாம்.

அந்த மெழுகைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்று, வெடித்த டயரின் கதையை முடித்துக்கொண்டிருந்தார். மூன்று மில்லிமீட்டர். இதற்கு மேல் ஒரு ஐந்து மில்லிமீட்டர் சக்கரம் வெளியே வந்தால் அவர் ஏறும்போது உரசும். நான் தனியாகப் போனால் உரசாது. இந்தக் கணக்கு என் தலையில் தானாக வந்தது. நான் கூப்பிடவில்லை. வந்ததை அனுப்பவும் இல்லை.

ஸ்பேசர் வாங்கினேன், ஐந்து மில்லிமீட்டர், நல்ல தரமானது, அதற்கேற்ற நீளமான போல்ட்டுகளோடு. எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டேன். லேபில் தாடை ஊற்றுகிற மாவு மூட்டைகளைக் கொண்டுவந்து பக்கத்து இருக்கையில் ஒன்றொன்றாக ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். மூன்று மூட்டை வரை மெழுகு நசுங்கினாலும் கொஞ்சம் மிஞ்சியது. நாலாவது மூட்டையில் நசுங்கி இரும்பு தெரிந்தது. அவர் கிட்டத்தட்ட ஐந்து மூட்டை. அப்படியே மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

"ஸ்பேசரா போட்ட?" என்று கேட்டார். கண் விரிந்தது.

"இன்னும் கொஞ்சம் வெளிய வந்தாதான் அழகுன்னு உங்க அண்ணன் சொன்னாரே."

அவர் அப்போதே குழுவுக்குப் படம் அனுப்பினார். அங்கே ஒரே கொண்டாட்டம். 'தங்கச்சி நம்ம வழிக்கு வந்துட்டாங்க' என்று இன்ச் அண்ணன் எழுதியிருந்தார். பாவம், அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஏறி உட்கார்ந்தார். முதல் வேகத்தடையில் பின்பக்கம் 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம், பிறகு ரப்பர் வாசனை. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்வதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது.

"உரசுது" என்றேன். "நீங்க எறங்குங்க, பாப்போம்."

அவர் இறங்கினார். நான் மட்டும் வண்டியைப் பின்னால் எடுத்து, அதே வேகத்தடையில் திரும்ப ஏற்றிக் காட்டினேன். சத்தம் இல்லை.

"ஓ" என்றார். கொஞ்ச நேரம் மட்கார்டைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரி, நீ போயிட்டு வா. டயர் போயிடப் போகுது."

வீடு பக்கத்தில்தான். நடந்து போனார். நான் மலைப்பாதைக்குப் போனேன். கூரையை இறக்கிவிட்டேன். அன்றைக்கு அந்தக் கார் போன மாதிரி எப்போதும் போனதில்லை. முன்சக்கரம் நினைத்த இடத்தில் நின்றது, பின்சக்கரம் ரோட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. ஆடு இருந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. வாய்விட்டுச் சிரித்தேன். வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தேன்.

இதற்குப் பிறகு அந்தக் குழு செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. என் காரில் இரண்டாவது ஆள் ஏறினால் உரசுகிறது என்று இவர் அங்கே சொல்லியிருக்கிறார். இன்ச் அண்ணன் உடனே அதற்கு 'சோலோ ஃபிட்மென்ட்' என்று பெயர் வைத்துவிட்டார். ஒரு ஆளுக்கு மேல் தாங்காத அளவுக்குச் சக்கரத்தைத் துல்லியமாக வெளியே தள்ளுவது பெரிய கலையாம். வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தானாம். அடுத்த மாதத்துக்குள் இரண்டு பேர் தங்கள் காரையும் அப்படி ஆக்கிக்கொண்டார்கள். அதில் ஒருவருக்கு மூன்று குழந்தைகள். அவர்களை எல்லாம் எங்கே உட்காரவைக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

வாரங்கள் போயின. இவர் காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார். குளியலறையில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வந்து உட்கார்ந்தது. கண்ணைப் பறிக்கிற பச்சை நிறத்தில் ஷூ வாங்கினார். காலையில் எழுந்து நடக்கப் போனார். நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு வருகிற திடீர் ஞானோதயம் என்று நினைத்துக்கொண்டேன். ஆபீசில் யாருக்காவது நெஞ்சுவலி வந்திருக்கும், இவர் பயந்திருப்பார். பத்து நாளில் ஷூ அலமாரிக்கு அடியில் போய்விடும் என்று பார்த்தால், போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் எல்லையில் அவரைத் தாண்டிப் போனேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, வாய் திறந்திருந்தது, நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத ஒரு நடை. கையைத் தூக்கிக் காட்டினார். நானும் தூக்கிக் காட்டிவிட்டுக் கியரை மாற்றினேன். அந்த வேர்வையோடு ஏறி என் இருக்கையை நாறடிக்காமல் விட்டாரே என்றுதான் அப்போது நினைத்தேன்.

சட்டைகள் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தன. கழுத்தில் எலும்பு தெரிந்தது. நான் எதையும் கேட்கவில்லை.

போன ஞாயிறு. நான் கேட்டருகே எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். அவர் படியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னும் எவ்ளோ கொறைஞ்சா உரசாது?"

"என்ன?"

"எடை. நீ அளந்து வச்சிருப்பியே. ஒரு நம்பர் சொல்லு. அதுவரைக்கும் கொறைச்சுடறேன்."

என்னால் சொல்ல முடியும். மூன்று மூட்டை என்று சொல்லியிருக்கலாம். அவர் உயரத்துக்கு அந்த எடை வந்தால் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டும்.

"நடக்கறது இதுக்கா?"

"வேற எதுக்கு? எனக்கு நடக்கப் பிடிக்கும்னா நெனைச்ச?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த மனுஷனை ஒரு அலுமினியத் தகட்டால் எவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டேன், இப்படி ஒரு ஆளோடா இத்தனை வருஷம் என்று அவர் மேலேயே கோபம். எஞ்சினை நிறுத்தினேன்.

"உங்க எடையில ஒண்ணும் இல்ல. அந்த ஸ்பேசர கழட்டினா நீங்க இப்பவே ஏறி உக்காரலாம். முன்னாடி இருந்த எடையிலயே உக்காரலாம். வேணும்னேதான் போட்டேன். நீங்க ஏறினா உரசணும், நான் போனா உரசக்கூடாதுன்னு மூட்டை வச்சு அளந்து போட்டேன். தனியா போகணும் எனக்கு. போதுமா?"

அவர் இரண்டாவது காலின் கயிற்றையும் கட்டி முடித்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மொத வாரமே தெரியும். குழுவுல போய்க் கேட்டேன். 'அந்தத் தகட்ட எடுத்துட்டா சரியாப் போச்சு'ன்னு இன்ச் அண்ணனே சொன்னார். அவர் சரியாச் சொன்னது அது ஒண்ணுதான்." மூச்சுக்கு நிறுத்தினார். "அளக்காம நீ ஒண்ணும் செய்ய மாட்ட. அளந்து பாத்துட்டுத்தான் இந்தாளு வேணாம்னு போட்டிருக்க. அதுக்கப்புறம் 'கழட்டு, நான் உக்காரணும்'னு எப்படிக் கேக்கறது? அதான், என்னால முடிஞ்சத நான் கொறைச்சுக்கிட்டு வரலாம்னு."

நான் அவரையே பார்த்தேன். சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. குத்திக்காட்டுகிறாரோ என்று பார்த்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் அவருக்கு வராது.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா உனக்குச் சங்கடமா இருக்கும்ல" என்றார். எழுந்து முழங்காலை நீவிவிட்டார். "சரி, நீ கெளம்பு. வெயில் ஏறிடும்." கேட்டைத் திறந்துவிட்டு, நான் வண்டியை வெளியே எடுப்பதற்கு வசதியாக ஓரமாக ஒதுங்கி நின்று, பிறகு அந்தப் பச்சை ஷூவோடு தெருவில் இறங்கி நடந்தார்.

ஏறச் சொல்லவில்லை நான். சொல்லத் தோன்றியது, ஆனால் அவர் ஏறினால் இப்போதும் உரசும், அந்தச் சத்தத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க எனக்குத் தெம்பில்லை. கிளம்பினேன். மலைப்பாதையில் யாரும் இல்லை. காற்று நன்றாக இருந்தது. கார் சொன்னபடி கேட்டது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை வைத்துத்தான் இவ்வளவு நாளும் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

மேலே ஒரு வளைவில் ரோட்டோரம் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பிரேக்கை மிதித்து, காலியாக இருந்த பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போதும் வரும்போதும் அவர் அதில்தான் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசாமல்.